நான் கழுவிய பாசி

பாசி என்றாலே எனக்கு ஆகாது. தண்ணீர்த் தொட்டியில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை தெரிந்தால் போதும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேங்காய் நாரோடு இறங்கிவிடுவேன். ஜாலான் புசாரில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டு மாடியில் ஆறு குடித்தனம், குளிக்க ஒரே தொட்டி. நான் அங்கே இருந்தவரை அந்தத் தொட்டியில் பாசி பிடித்ததே இல்லை. அதற்காக மற்ற ஐந்து வீட்டுப் பெண்களோடு நான் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகமாகும். அப்படிப்பட்ட என்னை, பாசியைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற இடத்தில் கொண்டுபோய் வேலைக்கு விட்டது காலம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு மாதம் எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். புக்கிட் தீமாப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் குப்பி கழுவவும் தரை துடைக்கவும் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். இப்போதைக்குத் தற்காலிகம், ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்கலாம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே மொட்டைமாடி முழுக்க ஒருவருடைய ராஜ்ஜியம். சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்து மகன். வயது இருபத்தாறு இருக்கும். நாலு முழத்துக்கு வளர்ந்து, நடக்கும்போது கூட எதையோ யோசித்துக்கொண்டு தூணில் இடித்துக்கொள்கிறவர். கடையில் உட்கார வேண்டிய பிள்ளை, செடி கொடி படிக்கிறேன் என்று இங்கே வந்துவிட்டது. நான் அவரை ‘சார்’ என்பேன். அவர் என்னை ‘அக்கா’ என்பார். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

அவருடைய மாடியில் ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டிகள் மூன்று இருந்தன. வாயை இறுக மூடிய இரும்புப் பீப்பாய் ஒன்று. சன்னல் திண்டில் வரிசையாக எட்டுக் கண்ணாடிக் குப்பிகள். தொட்டியிலும் சரி, குப்பியிலும் சரி, பச்சைப் பசேலென்று பாசித் தண்ணீர். எனக்குப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும். படித்தவர்கள் இருக்கிற இடம் இப்படியா நாறிக் கிடப்பது என்று வீட்டில் வந்து புலம்புவேன். “உனக்கென்ன வந்துச்சு? சொன்ன வேலையச் செஞ்சிட்டு வா,” என்பார் என் வீட்டுக்காரர். கேட்டிருக்கலாம். கேட்டால் நான் நானாக இருப்பேனா?

போகி அன்று காலையில், எங்களையெல்லாம் மேய்க்கிற மண்டோர், “மாடியச் சுத்தம் பண்ணுங்க,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கூட்டித் தள்ளச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அன்று போகி. நம் வீடுகளில் பழையது எதுவும் மறுநாளைக்குத் தங்காத நாள். என் வீட்டுத் தொட்டியை விடிவதற்கு முன்பே தேய்த்துவிட்டு வந்திருந்தேன், கையில் அந்த வேகம் மிச்சமிருந்தது. மூன்று தொட்டியையும் திறந்துவிட்டேன். செங்கல் தூள், சுண்ணாம்பு, தேங்காய் நார். முட்டி தேய மண்டியிட்டுத் தேய்த்தேன். குப்பிகள் எட்டையும் கவிழ்த்து, சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன். தொட்டிமேல் தொங்கிய ஒரு மரப்பலகையில் ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதையும் விடாமல் தேய்த்ததில் எழுத்தே போய்விட்டது. பதினொரு மணிக்கு நிமிர்ந்து பார்த்தபோது சிமெண்டு புதுசாகப் பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை. சார் வந்து பார்த்தால் அசந்துபோவார் என்று நினைத்தேன்.

அசந்துதான் போனார். படியேறி வந்தவர் அப்படியே நின்றார். முதல் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது. பிறகு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், வெள்ளைக் கால்சட்டையோடு.

“அக்கா,” என்றார். “இதுல இருந்ததெல்லாம் எங்க?”

“சாக்கடையிலதான். வேற எங்க? எவ்வளவு பாசி தெரியுமா சார்? மூணு மணி நேரம் தேச்சேன்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அழுகிற மாதிரி இருந்தது. பயந்தால் எனக்கு வாய் நீண்டுவிடும், அது என் பிறவிக் குணம். “யாராச்சும் பாசிய வேணும்னு வளப்பாங்களா சார்? ஊர்ல கேட்டாச் சிரிப்பாங்க! வேணும்னா ஒரு பலகையில எழுதிப் போட்டிருக்கலாம்ல?” என்று கத்தினேன்.

அவர் காய்ந்துகொண்டிருந்த வெறும் பலகையைக் கையால் காட்டினார்.

அப்புறம்தான், உட்கார்ந்த இடத்திலிருந்தே, மெதுவாகச் சொன்னார். அது பாசி இல்லையாம். பாசிதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னதாய்க் கோடிக்கணக்கில் இருக்கிற பாசியாம். வெயிலைத் தின்று வளருமாம். அதை வடித்துக் காற்றுப் புகாத பீப்பாயில் சாணியோடு போட்டு மூடி வைத்தால் உள்ளே நொதித்து ஒரு வாயு வருமாம், அந்த வாயுவைக் கொளுத்தினால் அடுப்பு எரியுமாம். மண்ணெண்ணெய் வேண்டாம், கரி வேண்டாம். கப்பலில் வந்து இறங்க வேண்டியதும் இல்லை. நம் ஊர் வெயிலும் தண்ணீரும் போதும், எடுக்க எடுக்க மறுபடி வளரும். மூன்று மாதமாக வளர்த்து, அடுத்த வாரம் பீப்பாயில் போடுவதாக இருந்தாராம்.

“ஒரு வருஷம் டைம் குடுத்தாங்க க்கா. மார்ச் கடைசியில பெரிய ஆளுங்க வந்து பாப்பாங்க. நெருப்பு எரியணும். எரியலன்னா மாடியக் காலி பண்ணிட்டு நான் கடைக்குப் போகணும். வாப்பா எனக்குன்னு ஒரு நாற்காலியே வாங்கிப் போட்டாச்சு.”

அந்த நாற்காலி என்றபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. நல்ல மனுஷர், ஆசைப்பட்டுப் படித்த படிப்பு, ஒரு காலைப் பொழுதில் என் கையால் சாக்கடையில் போய்விட்டது. என் வேலை போகும் என்ற பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

மண்டோர் அப்போது பார்த்து மேலே வந்தார். தொட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது என்னா கூத்து? யாரு தொறந்துவிட்டா?” என்றார்.

சார் எழுந்து பின்பக்கத்து ஈரத்தைத் தட்டிக்கொண்டு, “தண்ணி மாத்த வேண்டியதாப் போச்சு. நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க லா,” என்றார்.

அவ்வளவுதான். என் பெயர் அவர் வாயில் வரவில்லை. அன்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பொங்கலுக்கு வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அந்த நன்றியை எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. “நாளைக்குப் பொங்கல், மறுநாள் வாறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பொங்கல் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் தேக்கா மார்க்கெட்டில் கங்கோங் கீரை வாங்கப் போனபோதுதான் மண்டையில் உறைத்தது. எனக்கு வழக்கமாகக் கீரை கொடுக்கிற சீன அம்மாள் சுவா சூ காங்கிலிருந்து வருகிறவர். வாத்தும் மீனும் ஒரே குளத்தில் வளர்க்கிறார். குளம் பச்சையாகிவிட்டது, தண்ணீரில் கைவிட்டால் விரல் தெரியவில்லை என்று என்னிடம் வாராவாரம் ஒப்பாரி வைப்பவர். நான் அவருக்கு ஆறுதலாகச் சுண்ணாம்பு போடச் சொல்லியிருந்தேன். நல்லவேளை, அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

கீரையை வாங்காமலே பஸ் ஏறி ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடினேன். சார் வெறும் தொட்டிக்குப் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“எந்திரிங்க சார். பாசி இருக்கிற எடம் எனக்குத் தெரியும். பாசிய எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். இரண்டு நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் பார்த்த முதல் சிரிப்பு.

நாலு மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி எடுத்துக்கொண்டு, மத்தியானம் சுவா சூ காங் பஸ் ஏறினோம். இறங்கி மண் பாதையில் அரை மணி நேரம் நடை, அதுவும் மழைச் சேற்றில். சீன அம்மாள் எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். கீரைக்கு வருகிறவள் குளத்துத் தண்ணீருக்கு வந்திருக்கிறாளே! சார் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து, குளத்துத் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கூடத்துக்குக் கொண்டுபோய், சின்னதைப் பெரிதாகக் காட்டுகிற அந்தப் பெரிய கண்ணாடியில் வைத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும் என்றார். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் முதல் டின்னைத் திறந்துவிட்டார். அந்த அம்மாள் தானே குளத்தில் இறங்கி டின்களை நிரப்பிக் கொடுத்தார். போகும்போது ஒரு கட்டுக் கீரையும் என் கையில் திணித்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். பச்சைத் தண்ணீர் தளும்புகிற டின்களோடு ஏறினால் எந்தக் கண்டக்டர் விடுவான்? சார் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அவர் ஆரம்பித்தால் முடிப்பதற்குள் புக்கிட் பாஞ்சாங் ஸ்டாப்பே வந்துவிடும். நான் முந்திக்கொண்டு, “ஓபாட்!” என்றேன், மருந்து என்று. அதற்குப் பிறகு பஸ்ஸில் இருந்த கிழவர்களெல்லாம் என்ன வியாதிக்கு, எத்தனை வேளை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மூட்டு வலிக்கு, வெளியே தடவ மட்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். சார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார்.

அன்று சாயந்தரம் பெரிய கண்ணாடியில் கண்ணை வைத்தவர், “அல்ஹம்துலில்லாஹ்,” என்று மூச்சு விட்டார். அதே ஜாதிப் பாசி. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

அதிலிருந்து இரண்டு மாதம் நான் பாசி வளர்த்தேன். என் வாழ்க்கையில் இப்படி ஒரு வாக்கியம் எழுதுவேன் என்று யார் நினைத்தது? மற்ற வேலைகளை முடித்துவிட்டு மணிக்கொரு தரம் மாடிக்கு ஓடி, பெரிய மரத் துடுப்பால் தொட்டிகளைக் கலக்குவேன். கலக்காவிட்டால் அடியில் தங்கிச் செத்துப்போகும். மழை வந்தால் தார்ப்பாய் போட வேண்டும், வெயில் வந்தால் எடுக்க வேண்டும். ஜனவரி மழை எங்களை ஆட்டிவைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் போனேன். “வீட்டுத் தொட்டியில பாசி புடிக்குது, இவ அங்க பாசிக்குத் தாலாட்டுப் பாடுறா,” என்று என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தபடியே கேலி செய்தார். உண்மைதான். அந்த இரண்டு மாதம் ஜாலான் புசார் தொட்டியை மற்ற வீட்டுப் பெண்கள்தான் கழுவினார்கள். கழுவிய லட்சணத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

பீப்பாய்க்குச் சாணி வேண்டும் என்றபோது அதுவும் என் வேலையாயிற்று. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த பால்காரரிடம் போய், ஈரம் காயாத சாணியை வாளியில் கேட்டு வாங்கி வந்தேன். பச்சைத் தண்ணீரில் படிகாரம் கரைத்து விட்டால் பாசி அடியில் படியும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டால், முருங்கைக்கீரையை அம்மியில் அரைத்த மாதிரி ஒரு விழுது. அதையும் சாணியையும் பீப்பாயில் ஊற்றி, வாயை அடைத்து, ஒரு குழாய் வழியாக வாயு இன்னொரு தொட்டியில் கவிழ்த்து வைத்த தகர டிரம்முக்குள் சேரும்படி செய்தார் சார். வாயு சேரச் சேர டிரம் தண்ணீரிலிருந்து மேலே எழும்ப வேண்டும்.

எழும்பியது. மூன்றாவது வாரம் ஒரு சாண் எழும்பியது. சார் குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டினார். குச்சி அணைந்துவிட்டது. இன்னொன்று, அதுவும் அணைந்தது.

“மொதல்ல வர்ற காத்து எரியாது க்கா. அத வெளிய விட்டுடணும். நாள் ஆகும்,” என்றார். சொன்னாரே தவிர, அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கொண்டுபோன தயிர்சோற்றில் பாதியை மிரட்டித்தான் சாப்பிட வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றில் அவர் என்னவோ எழுதுவார். போகி அன்றைக்கு என்ன எழுதியிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போகும். என்னைக் காப்பாற்ற அந்த நல்ல மனுஷர் பொய் எழுதியிருப்பாரே, அது என்றைக்காவது அவர் கழுத்துக்குக் கத்தியாக வருமே என்று கிடந்து அடித்துக்கொள்ளும்.

மார்ச் கடைசியில் வந்தார்கள். ஆராய்ச்சிக்கூடத்துக்கே தலைவரான பெரிய துவான் ஒரு வெள்ளைக்காரர். அவரோடு விருந்தாளிகள் இரண்டு பேர், ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்ட வயசாளி. மண்டோர் கறுப்புக் குடையை அவர்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். உச்சி வெயில். மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. நான் ஒரு மூலையில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சார் குழாயைத் திறந்து, பர்னரில் தீக்குச்சியை வைத்தார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பர்னர் வெறுமனே நின்றது. சார், “எரியுது, எரியுது,” என்று இங்கிலீஷில் சொல்கிறார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வயசாளி பாவம் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். பெரிய துவான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சார் முகம் வெளிறிப்போய்விட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே எரிகிறது என்று போய்ப் பர்னருக்கு மேல் கையை நீட்டிவிட்டேன்.

“ஆத்தாடி!”

நான் போட்ட கூச்சல் புக்கிட் தீமா ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளங்கை வெந்துவிட்டது. எரிகிறது! வெயிலில் அந்த நீல நெருப்புக் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சார் பாய்ந்து மண்டோர் கையிலிருந்த குடையைப் பிடுங்கிப் பர்னர் மேல் நிழலாகப் பிடித்தார். கறுப்புக் குடைக்கு அடியில், ஊதாப் பூப் போல, அசையாமல் நின்று எரிந்தது நெருப்பு. வயசாளி அப்படியே தரையில் மண்டியிட்டுவிட்டார். நான் வெந்த கையை உதறிக்கொண்டு சிரித்தேன், அழுதேன், எது என்று எனக்கே தெரியவில்லை. நான் கலக்கிய பாசி எரிகிறது!

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரிய துவான் சாரின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஜனவரி நடுவில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று எனக்கு விளங்காமல் இல்லை. சார் நிமிர்ந்து, “மை மிஸ்டேக், சார்,” என்றார்.

மிஸ்டேக் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். அதைக் கேட்டதும் கை எரிச்சலெல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு மாதமாக என் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. தெரிந்த மலாயில் கத்தினேன்: “துவான்! புக்கான் டியா! சாயா சூச்சி!” அவர் இல்லை, நான்தான் கழுவினேன் என்று.

“அக்கா, சும்மா இருங்க,” என்றார் சார்.

“நீங்க சும்மா இருங்க சார். எனக்காகப் பொய் எழுதிட்டு நீங்க எதுக்கு மாட்டிக்கணும்? நான்தான் தேச்சேன். வேலைய விட்டு எடுத்தா எடுக்கட்டும்!”

மண்டோர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பெரிய துவான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைத் திரும்ப ஒருமுறை, மெதுவாகப் படித்தார். வயசாளியிடம் காட்டினார். அவரும் படித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நோட்டை மூடிச் சாரிடம் கொடுத்து, கை குலுக்கி, இன்னும் ஒரு வருஷம் என்று விரலைக் காட்டிவிட்டு மூன்று பேரும் படியிறங்கினார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சார் என் கையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பிடித்தார். நான் விடவில்லை. “அந்தப் பக்கத்துல என்னா எழுதியிருக்கு? அப்படியே தமிழ்ல படிங்க,” என்றேன்.

அவர் ஒரு கையால் நோட்டைத் திறந்து, கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டே படித்தார்: “புதிதாக வந்த ஊழியர் தொட்டிகளைக் கழுவிவிட்டார். தன் வேலையை நன்றாகச் செய்தார். தொட்டியில் இருப்பது என்ன என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. தவறு என்னுடையது.”

அவர் பொய் எழுதவில்லை. நான் கழுவியதையும் எழுதித்தான் வைத்திருக்கிறார். அதுவரை நான் வேலை பார்த்த எந்த இடத்திலும், எனக்கு ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. சொல்லாமல் விட்டதைத் தன் குற்றமாக ஒருவர் எழுதி வைப்பார் என்று நானும் நினைத்ததில்லை. வாளித் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அழுகைக்கு நடுவிலும் எனக்குக் கோபம் வந்தது.

“இத அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா, ரெண்டு மாசம் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்ல?”

சார் அந்த வரியை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

“ஆமா க்கா. அதையும் சொல்லல. அதுவும் என் தப்புதான்,” என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரிக்குக் கீழே அதையும் எழுதினார்.